சத்தியநேசன் ஐயரின் உயரம்

வரகுக்கொல்லை லுத்தரன் சபைக்குப் புதிய போதகராக வந்த சத்தியநேசன் ஐயர் 1996ஆம் வருடம் ஜூன் மாதத்தில் ஐந்தடி பதினோரு அங்குலம் இருந்தார். 2004ஆம் வருடம் ஈஸ்டருக்கு ஒரு சாண் இருந்தார். இடையில் அவருக்கு ஒரு காய்ச்சல் தலைவலி கிடையாது. குன்னம் வட்டாரத்தில் அந்த எட்டு வருடத்தில் பருத்தி விலை ஏழு முறை விழுந்தது, வெங்காய விலை பதினோரு முறை விழுந்தது, ஐயரின் உயரம் அறுபத்திரண்டு முறை விழுந்தது. அதற்கு யார் காரணம் என்பது உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சபைச் செயலாளர் செல்லதுரை சார் நம்பிக்கொண்டிருந்தார்.

செல்லதுரை சார் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று போர்த்திய சால்வையைச் சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார். புதிய ஐயரோடு (லுத்தரன்காரர்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்) பழகுவதற்கு அந்தச் சபையில் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதல் மாதம் மாலை, வரவேற்பு மடல். இரண்டாம் மாதம் வீட்டுக்கு வீடு கோழிக் குழம்பு. மூன்றாம் மாதம் மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி. வரவேற்பு மடலைச் செல்லதுரை சார் வலது கையால் எழுதுவார். ‘எழில்மிகு மேய்ப்பரே’ என்று தொடங்கும் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஐயர் வீட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள். மொட்டைக் கடுதாசியை இடது கையால் எழுதுவார். அது ‘இப்படிக்கு, உண்மை விசுவாசி’ என்று முடியும். இந்த வகையில் மூன்று ஐயர்மாரைச் சபை மாற்றி அனுப்பியிருந்தது. மூவரும் வந்த உயரத்திலேயே போனார்கள்.

சத்தியநேசன் ஐயர் மனைவியை இழந்தவர். அகன்ற தோளும் கனத்த குரலும் உள்ள ஆள். கோழிக் குழம்பு மாதம் முடிந்த அன்று வெங்காய மண்டித் தராசில் விளையாட்டாக ஏறி நின்று, “எண்பத்திரண்டு கிலோ, உங்க புண்ணியம்” என்று சிரித்தார். சபை மொத்தமும் அவரை விரும்பத் தொடங்கியது. அவர் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். அப்பமும் திராட்சரசமும் தருகிற திருவிருந்தின்போது பீடத்தண்டை முதலில் போய் முழங்காலிடுவது பத்தொன்பது வருடமாகச் செல்லதுரை சார். ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் ஐயர், “இன்னிக்குக் கடைசி வரிசையிலேர்ந்து வாங்க. பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கும் பசிக்கும்ல” என்று சொல்லிவிட்டார். கடைசி வரிசை களை வெட்டப் போகிற பெண்களுடையது. செல்லதுரை சார் நாற்பத்தோராவது ஆளாக முழங்காலிட்டார். கிண்ணத்தில் மிஞ்சியிருந்த திராட்சரசம் அவர் நாக்கு நுனியைத்தான் நனைத்தது.

அன்று மத்தியானமே இடது கை பேனாவை எடுத்தது. திருவிருந்தைப் பற்றி எழுதினால் சின்னத்தனமாகத் தெரியும் என்ற விவேகம் அவருக்கு இருந்தது. ஆகவே, ‘ஐயரின் பிரசங்கம் முப்பத்தெட்டு நிமிடம் நீள்கிறது; முதியோர் பெரிதும் துன்புறுகின்றனர்’ என்று எழுதினார். தபால் போன நான்காம் நாள் ஐயரின் வெள்ளை அங்கி தரையில் புரண்டது. லெப்பைக்குடிக்காட்டு நசீருதீன் டெய்லர் ஓர் அங்குலம் மடித்துத் தைத்துக் கொடுத்தார். இரண்டாவது கடுதாசி, ஐயர் டெய்லர் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்பது. இன்னோர் அங்குலம். மூன்றாவது, மொபெட்டில் விசிலடித்துக்கொண்டு போகிறார் என்பது. அதற்கும் ஓர் அங்குலம். “துணி சுருங்கினா ஒட்டு வைக்கலாம் ஐயரே, ஆளு சுருங்கினா நா என்னத்தப் பண்றது, அல்லா இருக்கான்” என்று நசீருதீன் கத்தரியை எடுத்தார். மடித்துக்கொண்டே இருந்தால் மடிப்பே அங்கியாகிவிடும் என்பதால் வெட்டத் தொடங்கியிருந்தார்.

பத்தாவது கடுதாசிக்குப் பிறகு செல்லதுரை சார் கோயில் கதவு நிலையில் பென்சிலால் ரகசியமாகக் கோடு போட்டு அளந்தார். கணக்கில் பிசகில்லை. ஒரு கடுதாசிக்கு ஓர் அங்குலம். முப்பத்தாறு வருட சர்வீஸில் கழிப்பறை கேட்டும் கரும்பலகை கேட்டும் அவர் எழுதிய எந்த மனுவுக்கும் இவ்வளவு துல்லியமான பலன் கிடைத்ததில்லை. அவருக்குப் பயமும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமை அரை நாள் முன்னால் வந்தது.

மேலிடம் மொட்டைக் கடுதாசிகளை நகலெடுத்து, விளக்கம் கேட்டு ஐயருக்கே அனுப்பும். ஐயர் அதைச் செல்லதுரை சாரிடம் கொண்டுவருவார். “எனக்கு இதெல்லாம் எழுத வராது சார். உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. நீங்களே ஒரு பதில் போட்டுருங்களேன்” என்பார். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று சார் தேடிப் பார்ப்பார், இருக்காது. இடது கை சாட்டியதை வலது கை மறுத்து எழுதும். வலது கை எழுதிய மறுப்பு ஒவ்வொன்றும் அத்தனை அழகாக இருந்ததால் மேலிடம் ஐயரை மாற்றவே இல்லை. 2000த்தில் ஒரு விசாரணை அதிகாரி மட்டும் காரில் வந்தார். மூன்றடியில் நின்ற ஐயரை இருபது நிமிடம் விசாரித்து, ‘ஆள் சற்றே சுருக்கமானவர், மற்றபடி குறையில்லை’ என்று குறித்துக்கொண்டு கோழி சாப்பிட்டுவிட்டுப் போனார். ஐயர் தாழ்மையில் வளர்கிறார் என்று சபை பேசிக்கொண்டது. மறு வருடம் அரியலூர் தனி மாவட்டமானது. அதற்கடுத்த வருடம் அந்த மாவட்டமே இல்லாமல் போய்ப் பழையபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. ஒரு மாவட்டமே இருந்து இல்லாமல் போகிற காலத்தில் ஒரு மனிதர் இரண்டடி ஆனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம்தான் சாரின் மனைவி அமிர்தவல்லிக்கு மஞ்சள் காமாலை கண்டது. மொபெட் எட்டாமல் போன ஐயர் இரண்டு கிலோமீட்டர் நடந்தே வந்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இருபத்தோரு நாள். முக்காலியில் ஏறி, அங்கிருந்து கட்டிலில் ஏறி, அமிர்தவல்லியின் நெற்றியில் கை வைத்து ஜெபம் பண்ணுவார். அவர் ஏறியதும் கட்டில் கயிறு, கனத்த ஆள் உட்கார்ந்ததுபோல் தொய்யும். செல்லதுரை சார் அதைப் பார்த்தார். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தேறி எழுந்த அன்று அமிர்தவல்லி கேட்டாள். “என்னங்க, அந்த மனுஷன் இப்புடித் துணுக்கா ஆயிட்டாரே. என்னா ஒடம்புக்கு?”

“தனியாளு. சாப்பாடு சரியில்ல.”

“ஆமாமா, சாப்பாடுதான்” என்றாள் அவள். “ஒங்க எடது கையில என்னா அது, மை? போய்க் கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்.”

அன்று கையை மூன்று முறை கழுவினார். இனி எழுதுவதில்லை என்று சார் முடிவு செய்தார். அந்த முடிவுக்குப் பிறகு பதினைந்து கடுதாசி எழுதினார். வெற்றிலை போடுகிறவனுக்குச் சாப்பிட்டதும் வாய் ஊறுவதுபோல அவருக்கு மத்தியானம் விரல் ஊறியது. எழுதி முடித்ததும் அழுவார். அழுதுவிட்டுத் தபால்தலை ஒட்டுவார். 2004 ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் எழுதிய அறுபத்திரண்டாவது கடுதாசி, ‘ஐயர் பிரசங்கம் செய்கையில் கண்ணுக்கே தெரிவதில்லை’ என்பது. அதைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் மிச்சத்தைக் கணக்குப் போட்டார். இன்னும் ஒன்பது. அதற்கப்புறம் அங்கி மட்டும் இருக்கும்.

ஈஸ்டர் ஆராதனையில் ஐயர் பீடத்துப் படியில் நின்றார். உடம்பு ஒரு சாண், குரல் மட்டும் பழைய குரல். எல்லோரும் வழக்கம்போல் பாவ அறிக்கையைச் சேர்ந்து சொல்லி முடித்தார்கள். முடிந்த பிறகும் செல்லதுரை சார் உட்காரவில்லை. பேச எழுந்தால் சால்வையைச் சரிசெய்கிறவர் அன்று அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“அந்தக் கடுதாசியெல்லாம் எழுதுனது நான்தான்” என்றார்.

ஒரு தலையும் திரும்பவில்லை. கடைசி வரிசையிலிருந்து அம்மாக்கண்ணு சொன்னாள். “தெரியும் சார். உக்காருங்க.”

“தெரியுமா?”

“எடது கை நெறைய மையோட தபாலாபீஸ்ல நின்னா எந்த ஊர்லதான் தெரியாது? ஐயரு விசிலடிக்கிறாருன்னு ஒங்ககிட்ட வந்து சொன்னதே நான்தானே. நல்லா எழுதுவீங்களேன்னுதான் சொன்னேன்.”

டெய்லர் கடை டீ விஷயத்தைச் சொன்னவர் மூன்றாம் வரிசையில் தரையைப் பார்த்தார். மற்ற விஷயங்களைச் சொன்னவர்களும் ஆளுக்கொரு தரையைப் பார்த்தார்கள். அறுபத்திரண்டு கடுதாசிக்கும் விஷயம் சாரே யோசித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. அமிர்தவல்லி மட்டும் ஐயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், எந்த ஞாயிறும் வாசிக்கிற பாவமன்னிப்பை வாசித்தார். பிறகு பிரசங்கபீடத்தின் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றார். ஒவ்வொரு படியும் அவர் உயரம் இருந்தது.

யாரும் அசையாததால் செல்லதுரை சார் போனார். சால்வையை மடித்து இரண்டு உள்ளங்கையிலும் போட்டு நீட்டினார். ஐயர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். தூக்கும்போதுதான் சாருக்குக் கட்டில் கயிறு தொய்ந்ததன் பொருள் விளங்கியது. எண்பத்திரண்டு கிலோ. ஓர் அங்குலம் போனபோதும் அறுபத்திரண்டு போனபோதும் எடையில் ஒரு கிராம் போகவில்லை. மேலே கொண்டுபோய் வேதப்புத்தகம் வைக்கிற பலகையில் இறக்கினார், பலகை பிளந்தது. ஆகவே மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். ஐயர் உள்ளங்கையில் நின்றபடி உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். முப்பத்தெட்டு நிமிடம்.

மன்னிப்பு கிடைத்தால் ஐயர் வளர்வார் என்று சார் கதவு நிலையில் ஒரு வருடம் அளந்து பார்த்தார். அரை அங்குலம்கூட ஏறவில்லை. கடுதாசியும் போகவில்லை, உயரமும் இறங்கவில்லை. ஆசாரி கொளஞ்சியப்பன் தேக்கில் ஒரு மேடை செய்து தருவதாகச் சொன்னார். சபைக் கமிட்டி தீர்மானமும் போட்டது. “வேணாம்ப்பா, இருக்கட்டும்” என்று சார் சொல்லிவிட்டார். திருவிருந்துக்குக் கடைசி வரிசைதான் இன்னும் முதலில் போகிறது. நாற்பத்தோராவதாக முழங்காலிடும்போது, ஐயரை ஏந்திய கைகள் நடுங்குவதால் கிண்ணத்தை அமிர்தவல்லி பிடித்துக்கொள்கிறாள். பிரசங்கத்தை ஐயர் ஒரு நிமிடம் குறைத்ததில்லை. குறைக்கச் சொல்லி சாரும் கேட்டதில்லை.

2007 நவம்பரில் அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது. அந்த மாதம் உடையார்பாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்த குடும்பம் ஒன்று ஆராதனைக்கு வந்திருந்தது. முதுகு வளைந்த பெரியவர் ஒருவர் வியர்த்துக் கொட்ட, கையில் ஒரு சாண் ஐயரை ஏந்தி நிற்பதைப் பார்த்த அந்த வீட்டம்மாள், உங்க ஐயர் இவ்வளவுதானா என்று பக்கத்திலிருந்த அம்மாக்கண்ணுவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“எங்க ஐயரா? தங்கமான மனுஷன்” என்றாள் அம்மாக்கண்ணு. “பிரசங்கந்தான் கொஞ்சம் நீளம்.”