முதலில் ஏறும் கால்

காளீஸ்வரனுக்கு இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் பருத்திக் காட்டை உழுதுகொண்டிருந்தபோது, டிராக்டரின் ரொட்டாவேட்டரில் சுற்றிய பருத்திச் செடித் தண்டைப் பிடுங்கப் போய் நேர்ந்தது. செயற்கைக்கால் பொருத்திக்கொண்டு இப்போது மிளகாய்க் காட்டு வரப்பில்கூட நடந்துவிடுகிறான். வண்டி மட்டும் ஓட்டவில்லை. கால் போவதற்கு முன் தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ போக ஒரு காரணம் கிடைத்தால் போதும், பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். கால் போன பிறகு அந்த ஜீப்பை விற்றாயிற்று. விளாத்திகுளம் சந்தைக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும் அவன் மனைவி வனிதாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் போய் வந்தான்.

இந்த வருடம் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. அவன் அப்பா வன்னியபெருமாள் கார் வாங்குவது என்று முடிவு செய்தார். எந்தக் கார் என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார். எட்டயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மாப்பிள்ளை வீட்டார் புதிதாக வந்திருக்கும் எஸ்யூவி ஒன்றில் வந்து இறங்கினார்கள். அளவில் சின்னது, தோரணையில் பெரியது. வெளிநாட்டு வண்டி என்று பந்தியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது அவர் மனதில் நின்றுவிட்டது. டிரைவராக ஊர்க்கார நல்லக்கண்ணுவிடம் பேசி வைத்ததாகவும் சொன்னார்.

டிரைவர் வேண்டாம், இடதுகாலால் மிதிக்கும் கிளட்ச் இல்லாத வண்டி என்றால் தானே ஓட்டுவேன் என்றான் காளீஸ்வரன். ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும் ஓட்டலாம் என்று லைசென்ஸில் குறித்து வாங்கி வைத்திருந்தான். அதற்கு அலைந்ததும் வனிதாவின் ஸ்கூட்டரில்தான். வன்னியபெருமாள் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் வண்டியைப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

கோவில்பட்டி ஷோரூமில் செண்பகராஜ் என்ற இளைஞர் அப்பா, மகன், வனிதா மூவரையும் வரவேற்றார். காளீஸ்வரனின் நடையைக் கவனித்தவர், மரியாதையாக அவனைப் பின்கதவுக்கு அழைத்துப்போனார். பின்சீட்டில் ஏசி, கால் நீட்ட இடம், மேலே கண்ணாடிக் கூரை என்று விவரித்தார். வண்டியின் முதுகு பின்பக்கம் சரிந்து இறங்கியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏறப்போன வன்னியபெருமாளின் தலை அந்தச் சரிவில் இடித்தது. அவர் தலையைத் தடவிக்கொண்டு, கெட்டியான இரும்பு என்று பாராட்டினார்.

எங்கே செய்த வண்டி என்று காளீஸ்வரன் கேட்டான். முழுவதும் வெளிநாட்டில் செய்து கப்பலில் வந்தது என்றார் செண்பகராஜ். வன்னியபெருமாள் மகனைப் பெருமையாகப் பார்த்தார். முன்விளக்கு உடைந்தால் மாற்று எங்கிருந்து வரும் என்று காளீஸ்வரன் அடுத்துக் கேட்டான். செண்பகராஜ் கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னார். இப்போதைக்கு அதுவும் கப்பலில்தான் வரவேண்டும். அடுத்த வருடம் சென்னைப் பக்கம் வைத்துச் செய்யப் போவதாகப் பேச்சு. அப்போது விலை குறையுமா என்பது அவருக்கும் தெரியாது. விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை கிளட்ச் வைத்த வண்டிக்கு. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் எல்லா வசதியும் உள்ள மேல்மாடலைத்தான் வாங்க வேண்டும். அது ஏழு லட்சம் கூடுதல்.

“கூடினா கூடட்டும்,” என்றார் வன்னியபெருமாள்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று காளீஸ்வரன் சொன்னபோது மேனேஜர் வந்து லைசென்ஸைப் பார்த்தார். பிறகு சாவியைக் கொடுத்தார்.

டிரைவர் பக்கம் ஏறும்போது இடதுகால்தான் முதலில் உள்ளே போகவேண்டும். காளீஸ்வரன் சீட்டைப் பிடித்துக்கொண்டு தொடையைக் கையால் தூக்கி உள்ளே வைத்தான். கதவுக்குக் கீழே இருந்த விளிம்பில் செருப்பு தட்டி நின்றது. இரண்டாவது முறை போய்விட்டது. வனிதா பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவும் செண்பகராஜும் பின்னால்.

வண்டி கழுகுமலைச் சாலையில் திரும்பியது. ஊர் தாண்டியதும் இருபுறமும் கரிசல் காடு; மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. ஓரிடத்தில் ஆட்டுமந்தை சாலையைக் கடந்தது. காளீஸ்வரன் வண்டியை நிறுத்திய விதத்தில் பின்னால் இருந்தவர்கள் முன்னால் சாயக்கூட இல்லை. கடைசி ஆடு போகும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான். அவன் முகத்தை வனிதா பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் தாடை இளகியிருந்தது. ஸ்கூட்டரில் போகும்போது அவள் காதருகே ஓயாமல் பேசிக்கொண்டு வருவான். யார் காட்டில் என்ன விதைத்திருக்கிறார்கள், மழை எந்தத் திக்கில் இறங்கும் என்று. இங்கே ஒரு வார்த்தை இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கையில் ஒன்றும் இல்லாதது மாதிரியும் இருந்தது. அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து இறங்கும்போதுதான் அவன் விழுந்தான். வலதுகாலை ஊன்றி இடதுகாலை இழுத்தபோது அது விளிம்பில் மாட்டிக்கொண்டது. சிமென்ட் தரையில் பக்கவாட்டில் சாய்ந்தான். செண்பகராஜ் பதறி ஓடினார். வனிதா குறுக்கே கை நீட்டினாள்.

“விடுங்க. அவிய எந்திரிச்சிருவாவ.”

கதவைப் பிடித்துக்கொண்டு காளீஸ்வரன் எழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு. அதைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினான், இறங்கினான். சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து சுழன்று பார்த்தான். சீட்டின் ஓரம் மேடாக இருந்ததால் அதுவும் சரிவரவில்லை. கதவடி விளிம்பைக் கையால் அளந்தான். ஒரு சாணுக்கு மேல் அகலம். ஏறுவதற்கு வெளியே ஒரு பலகை பொருத்தித் தரலாம் என்று செண்பகராஜ் சொல்லி, அப்படிப் பொருத்திய வேறொரு வண்டியையும் காட்டினார். அந்தப் பலகையால் சீட் இன்னும் எட்டத்துக்குப் போனதுதான் மிச்சம்.

“வண்டி நல்ல வண்டி,” என்றான் காளீஸ்வரன். “வாசல்தான் எனக்குத் தோதில்ல.”

வன்னியபெருமாளுக்கு அந்த வண்டியை விட மனசு வரவில்லை. இதற்குத்தான் டிரைவர் வைக்கச் சொன்னேன் என்றார். “பின்னால சொகுசா உக்காந்து வாயேம்லே. யாரு வேண்டாங்கா?”

“பின்னால உக்காருததுக்கு எனக்கு வண்டி வேண்டாம்ப்பா. மூணு வருசம் உக்காந்தாச்சு.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். வனிதா வேறு பக்கம் பார்த்தாள். வன்னியபெருமாள் வெளியே போய்ச் சாலையைப் பார்த்து நின்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து உள்ளே வந்து செண்பகராஜைத் தனியே கூப்பிட்டார். இந்த விளிம்பு இல்லாத வண்டி, கிளட்ச் இல்லாததாக, இந்த ஊரில் யாரிடம் கிடைக்கும் என்று கேட்டார். செண்பகராஜ் உள்ளே மேனேஜர் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பைபாஸ் ஓரத்தில் இன்னொரு கம்பெனியின் ஷோரூமுக்கு வழி சொன்னார்.

அங்கே இருந்தது சென்னைப் பக்கம் செய்த வண்டி. பல வருடமாக ஓடுகிறது. எந்த ஊரிலும் அதன் சாமான் கிடைக்கும். தோரணை ஒன்றும் கிடையாது. ஆனால் கதவடி ஒடுக்கமாக இருந்தது. சீட் இடுப்பு மட்டத்தில் தட்டையாக இருந்தது. காளீஸ்வரன் ஒரே முறையில் ஏறினான். யாரும் கேட்காமலே இறங்கினான். மறுபடி ஏறினான்.

“தீப்பெட்டி மாதிரில்லா இருக்கு,” என்றார் வன்னியபெருமாள். சொல்லிவிட்டு அவரும் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். தலை இடிக்கவில்லை. அன்றே பதிவு செய்தார்கள்.

முதல் வண்டியின் மேல் அவருக்கு இருந்த ஆசை அத்தனை சீக்கிரம் போகவில்லை. சாலையில் அதைப் பார்த்தால் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார். ஆனால் ஊரில் யாராவது, வெளிநாட்டு வண்டி வாங்கப் போறதாச் சொன்னீங்களே அண்ணாச்சி என்று கேட்டால், இது எம்மவன் ஓட்டுத வண்டி என்று மட்டும் சொன்னார். நல்லக்கண்ணுவிடம் போய், டிரைவர் தேவைப்படவில்லை என்று அவரே சொல்லிவிட்டு வந்தார்.

வண்டி வந்த அன்று மூவருமாகக் கோயிலுக்குப் போய் வந்தார்கள். மறுநாள் காலை வனிதா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தபோது வாசலில் வண்டி இல்லை. சக்கரம் போன தடம் மட்டும் கரிசல் மண்ணில் பதிந்திருந்தது. போன் செய்யலாமா என்று நினைத்தாள். செய்யவில்லை. சோறு வடித்தாள், துணி நனைத்தாள். வெயில் ஏறிய பிறகு அவனே கூப்பிட்டான்.

“கடம்பூர்ல நிக்குதேன்.”

“அங்கன என்ன சோலி?”

“சோலி ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்.” கொஞ்சம் விட்டு, “போளி வாங்கட்டுமா?” என்றான்.

“வாங்கிட்டு வாங்க,” என்றாள் வனிதா. “மெதுவாவே வாங்க.”