மாடியில் குடியிருந்த ‘வித்’

ஆடி பிறந்தால் வீடு மாற முடியாதென்று, ஆனி முடிவதற்குள் ‘வித்’ என்ற ஆங்கிலச் சொல் மாரிக்கனி வீட்டு மாடிக்குக் குடிவந்துவிட்டது. நாம் ‘கூட’, ‘உடன்’ என்று சொல்லுமிடத்தில் வெள்ளைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் சின்னச் சொல். ஆயிரம் வயதுக்கு மேலாகியும், மாரிக்கனி ‘தம்பி’ என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாது.

குடிவைக்க நல்ல சொல்தான். அது வந்ததிலிருந்து கோவில்பட்டியின் அந்தத் தெருவில் எதுவும் தனியாக இருக்கவில்லை. இட்லி சட்னியோடுதான் வெந்தது. வெங்காயத்தை எடுத்தால் கூடவே கத்தியும் கைக்கு வந்தது. சேராமல் இருந்தது மாரிக்கனியும் அவள் புருஷன் சீனிராஜும் மட்டும்தான். பொங்கலிலிருந்து பேச்சு இல்லை. இப்போது அவர் ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறதென்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறப் போய்விட்டார். சண்டை போட்டுவிட்டுப் போகிற புருஷன் திரும்பி வருவான். இவர் ஒரு வார்த்தை ஏசாமல் போயிருந்தார். அந்த மனுஷன் இல்லாத வீட்டில் அவளால் இருக்க முடியாது.

மாடியேறிப் போனாள்.

“தம்பி, அவுகள என்கூடச் சேத்து வையேன். ஒனக்கு அதான வேல?”

வித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. “அது பின்னால வந்த வேலக்கா. பொறந்த ஊர்ல எனக்கு ‘எதிர்த்து’ன்னுதான் அர்த்தம். ஒருத்தன ஒருத்தன் எதுத்து நின்னா நடுவுல நான் நிப்பேன். நின்னு நின்னு கூட்டாளியாயிட்டேன். இன்னைக்கும் ‘ஃபைட் வித்’னு சண்டைக்கு என்னையத்தான் கூப்பிடுதாக.”

மாரிக்கனி துணி வாளியைத் தள்ளி வைத்தாள்.

“அப்ப அந்தப் பழைய வேலையவே பாரு.”

வித் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய், பஸ்ஸில் சீனிராஜுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது. சாத்தூர் தாண்டுவதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மதியம் வாசலில் வந்து நின்றார்.

“பொங்கலுக்கு எங்கக்கா வந்தப்ப மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டியே, ஏன்?”

“அவுக என் கொழம்ப என்ன சொன்னாகன்னு நீங்க கேட்டீகளா?”

பொழுது சாயும்வரை இருவரும் எதிரெதிரே நின்று விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டார்கள். மாரிக்கனிக்குத் தொண்டை கட்டிவிட்டது, மனசு நிறைந்திருந்தது. கடைசியில் சீனிராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சோறு போடச் சொன்னார்.

வித் ஏறிய பஸ்ஸாயிற்றே; அவரை விட்டுப் போக மனமில்லாமல் அதுவும் பின்னாலேயே வந்து கூடத்தில் ஓரமாக நின்றிருந்தது. பயணிகள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கழுவிக்கொண்டார்கள். மாரிக்கனி உலையில் இன்னும் கொஞ்சம் அரிசியைப் போட்டாள்.