கால் மணி நேரம் லா காம்பில்

நார்மண்டிக்காரர்களோடு சுற்றுலா போவதைவிட வீட்டில் பல்வலியோடு படுத்துக் கிடக்கலாம். நான் பிரான்ஸின் தென்கோடி மார்செய்காரி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார், நான் மட்டும் இங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் இவர்கள் வாயிலிருந்து ஒரு ஆமாமோ இல்லையோ பிடுங்க முடியாது. மழை தலையில் கொட்டிக்கொண்டிருக்கும்போது "மழையா?" என்று கேட்டால், "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று பதில் வரும்.

ஊர் முதியோர் மன்றம் "இரண்டாம் உலகப் போர் நினைவிடங்கள், ஒரு நாள் பயணம், மதிய உணவு உட்பட" என்று நோட்டீஸ் ஒட்டியபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குண்டு விழுந்த பள்ளம் இவர்கள் வயலிலேயே இருக்கிறது, மாடுகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன. அதைப் பார்க்க பஸ் எதற்கு? ஆனால் அன்று மாலையே பக்கத்து வீட்டு ஆர்லெட் சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள்.

"நோட்டீஸைப் பாத்தியா ஜினெட்? கடைசி இடம் லா காம்ப்."

"அதுல என்ன?"

"ஜெர்மன்காரங்க கல்லறைத் தோட்டம்."

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அம்மா முந்தின குளிர்காலத்தில்தான் செத்துப்போனாள். ஆர்லெட்டின் அப்பா ஷெர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், குண்டுவீச்சில் இறந்தவர் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தவள். ஆர்லெட்டுக்கு அதில் சின்ன வயதிலிருந்தே சந்தேகம். பன்னிரண்டு வயதில் ஒரே ஒரு தடவை கேட்டாளாம். அம்மா கையிலிருந்த தட்டைச் சுவரில் அடித்தாளாம். அதோடு சரி. கடைசி வாரத்தில்தான், இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல, அம்மா ஒரு பேரையும் ஒரு இடத்தையும் சொன்னாள். எவால்ட் என்று பேர். போரின்போது ஊரைப் பிடித்து முகாம் போட்டிருந்த ஜெர்மன் படைக்கு ரொட்டி சுட்டவன். மகள் பிறப்பதற்கு முன்பே செத்தவன். லா காம்பில் கிடக்கிறான். இதை ஆர்லெட் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நான் வெளியூர்க்காரி, அதனால்.

"எங்கிட்ட கார் இருக்கு. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"வேணாம். உன் கார் அங்க நிக்கறதை யாராவது பாத்தா, எதுக்குன்னு யோசிப்பாங்க. எல்லாரோடயும் போனா நானும் கூட்டத்துல ஒருத்தி. கால் மணி நேரம் போதும். அந்தப் பேரைக் கல்லுல ஒரு தடவை பாத்துட்டா போதும்."

அறுபது வயதுப் பெண், ஆயுசுக்கும் பால் தொழிற்சாலையில் உழைத்தவள், அப்பன் பேரைப் பார்க்கக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு போக வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவளோடு போய் என் பேரையும் கொடுத்தேன்.

பயணம் காலையிலிருந்தே உருப்படவில்லை. நதாலி என்று ஒரு வழிகாட்டி, பாவம், மைக்கைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் முன்னால் நின்றாள். படித்த பெண், தேதியெல்லாம் சரியாகச் சொன்னாள். ஆனால் இந்த ஊர்க்காரர்களிடம் போரைப் பற்றிச் சொல்ல முடியுமா? அவள் "காலை ஆறரை மணிக்கு நேச நாட்டுப் படைகளின் முதல் படகுகள்" என்று ஆரம்பித்தால், பின்னாலிருந்து ஒருவர், "ஆறரை இல்ல, எங்க சித்தப்பா அப்ப பால் கறந்துட்டிருந்தார், அஞ்சு இருக்கும்" என்பார். "உங்க சித்தப்பா ஊர் இங்கேருந்து எவ்வளவு தூரம்?" என்று இன்னொருவர். பிறகு சித்தப்பாவின் மாடு, மாட்டின் நிறம், அதை யார் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பேச்சு போகும். அரோமான்ஷ் கடற்கரையில் மட்டும் இப்படியே ஒரு மணி நேரம் போனது.

அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மன்றத் தலைவர் ரெஜிஸ் மலர்வளையம் வைத்தார். வைத்துவிட்டு வந்தால் என்ன? சொற்பொழிவு. மழைத் தூறலில் எல்லோரும் நின்றோம். ரெஜிஸ் நல்ல மனிதர்தான், கால்நடைத் தீவனம் விற்று ஓய்வு பெற்றவர். ஆனால் வாயைத் திறந்தால் மூட ஆள் வேண்டும். ஆர்லெட் சொற்பொழிவைக் கேட்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்ற வெள்ளைச் சிலுவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் இவ்வளவு இருக்குமா?" என்று கேட்டாள்.

"இதைவிட ஜாஸ்தின்னு நதாலி சொன்னா."

"அப்ப கால் மணி நேரத்துல எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அரை மணி நேரம் வாங்கித் தருகிறேன் என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அதைக் கெடுத்தது மதியச் சாப்பாடு. கிராங்காம்பில் ஒரு விடுதி. சிப்பி வந்தது, மீன் வந்தது, அப்புறம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு சின்னக் கிளாஸில் ஆப்பிள் சாராயம். இது இவர்கள் வழக்கம். அந்தச் சாராயம் வயிற்றில் ஒரு துளை போடுமாம், அந்தத் துளையில் அடுத்த பதார்த்தம் இறங்குமாம். துளை போட்டு முடித்து ஆட்டுக்கறி வந்தபோது மணி மூன்று. சரி, முடிந்தது என்று பார்த்தால், பாலாடைக்கட்டிக்கு முன்னால் இன்னொரு துளை போட வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நான் எழுந்து நின்று, "வயிறா அது, சல்லடையா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்கள்.

பட்டை போட்டு மணிக்கணக்கில் அடுப்பில் வேகவைத்த பால்சோறும் வந்து போனபின், ஓட்டுநர் தியெரி ரெஜிஸிடம் வந்து குனிந்தான். அவன் வண்டி ஓட்டும் நேரத்துக்குக் கணக்கு இருக்கிறது, மெஷின் பதிவு செய்கிறது, தாண்டினால் லைசென்ஸுக்கு ஆபத்து. ரெஜிஸ் கரண்டியால் கிளாஸைத் தட்டினார்.

"நேரம் ஆயிடுச்சு. லா காம்பை விட்டுடலாம்னு தோணுது. ரோட்டை ஒட்டித்தான இருக்கு, ஜன்னல் வழியாவே தெரியும்."

சொல்லிவிட்டு மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஆர்லெட் மேஜை விரிப்பில் சிந்திய ரொட்டித் துகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"நோட்டீஸ்ல போட்டிருக்கீங்களே" என்றேன் நான்.

"போட்டிருக்கலாம்."

"அப்ப நிக்கணும்."

"பாக்கலாம்."

இந்த ஊரில் 'பாக்கலாம்' என்றால் முடிந்தது கதை. நான் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆர்லெட் மேஜைக்கு அடியில் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "விட்டுடு. எல்லாரும் பாக்கறாங்க" என்று முணுமுணுத்தாள். எனக்கு ரெஜிஸ் மேல் வந்த கோபத்தைவிட இவள் மேல் அதிகமாக வந்தது.

பஸ் நெடுஞ்சாலையில் ஏறியது. கொஞ்ச தூரத்திலேயே அந்த மேடு தெரிந்தது, உச்சியில் கறுப்புச் சிலுவை. நதாலி மைக்கில், "இடது பக்கம் பாருங்கள்" என்றாள். எல்லோரும் பார்த்தார்கள். ஆர்லெட் மட்டும் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் இனி ஜென்மத்துக்கும் இங்கே வரமாட்டாள் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"வண்டியை நிறுத்துங்க. எனக்குக் கழிப்பறை போகணும்."

"விடுதியிலதான போயிட்டு வந்தீங்க?" என்றார் ரெஜிஸ்.

"மறுபடியும் போகணும். உங்க ஆப்பிள் சாராயம் போட்ட துளை."

"வீட்டுக்கு ஒரு மணி நேரம்தான்" என்றான் தியெரி. "எனக்கு நேரக் கணக்கு இருக்கும்மா."

அப்போது பின் வரிசையிலிருந்து மார்சலினம்மாவின் குரல் வந்தது. எண்பது தாண்டியவள், ஒரு காலத்தில் வேனில் முட்டையும் கோழியும் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போனவள். "எனக்கும் போகணும்" என்றாள்.

"எனக்குந்தான்" என்றார் சித்தப்பா மாட்டுக் கதை சொன்னவர்.

"நானும் அடக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

"என் வீட்டுக்காரருக்கும்."

வரிசை வரிசையாக எல்லோருக்கும் வந்துவிட்டது. "உன் மெஷினுக்காக மூத்திரம் காத்திருக்காதுப்பா. இந்த சீட்டை நீதான் கழுவணும்" என்றாள் மார்சலினம்மா. தியெரி ஏதோ முனகிக்கொண்டே பிரிவுச் சாலையில் வண்டியைத் திருப்பினான்.

பஸ் நின்றது, கதவு திறந்தது. நான் இறங்கித் திரும்பிப் பார்த்தால், ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. பஸ் நிறைய ஆட்கள், நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன, எல்லாருக்கும் அதுக்குள்ள சரியாயிடுச்சா?" என்றேன்.

ஆர்லெட்டும் அசையவில்லை. திரும்ப ஏறி அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"யாருமே இறங்கலையே ஜினெட். நான் மட்டும் எப்படி இறங்கறது?"

மார்சலினம்மா கைத்தடியை ஊன்றி ஊன்றி நடைவழியில் வந்தாள். ஆர்லெட்டின் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எழுந்திரு. மேட்டைத் தாண்டி வலது பக்கம் போகணும். நீயாத் தேடினா நாளைக்குக் காலைல வரைக்கும் தேடுவே."

ஆர்லெட் நிமிர்ந்து பார்த்தாள். "யாரைத் தேடறதுக்கு?"

"எவால்டை. வேற யாரை?"

பஸ்ஸில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு வெறியேற்றியது.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?" என்று கத்தினேன்.

ரெஜிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தெரிஞ்சிருக்கலாம்" என்றார்.

"தெரிஞ்சுமா வண்டி நிக்க வேணாம்னு சொன்னீங்க?"

"லா காம்பை நோட்டீஸ்ல நான் எதுக்குப் போட்டேன்னு நினைக்கிறீங்க? வேணாம்னு சொல்லிப் பாத்தேன். வேணும்னு அவளே ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடலாம்னு. அவ கேக்காம நாங்களா நிறுத்தினா, எங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமே. வாயைத் திறக்கமாட்டோம்னு அவ அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம்."

இவர்களோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது, சொல்லுங்கள். ஊரே சேர்ந்து அறுபது வருஷமாக ஒருத்திக்கு உபகாரம் செய்திருக்கிறது, அவள் மூச்சு முட்டிச் சாகிற மாதிரி.

நாங்கள் மூன்று பேரும் இறங்கி நடந்தோம். புல்தரை ஈரமாக இருந்தது. ஐந்தைந்தாகக் குட்டைக் கறுப்புச் சிலுவைகள், தரையோடு பதித்த கற்கள், ஒவ்வொரு கல்லிலும் இரண்டு பேர். மார்சலினம்மா ஒரு பேரையும் படிக்காமல், தன் வீட்டுக் கொல்லைக்குப் போகிறவள் மாதிரி போய்க்கொண்டிருந்தாள். ஆர்லெட் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு எப்படி இடம் தெரியும்?"

"உன் அம்மாவை நான்தான என் வேன்ல கூட்டிட்டு வருவேன். வருஷா வருஷம், கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம்."

"அந்த வாரம் அம்மா உங்களோட இசிஞி சந்தைக்குப் போவா."

"சந்தைக்கும் போவோம்."

ஆர்லெட்டின் முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"என்னை ஒரு தடவை கூட்டிட்டு வந்திருந்தா என்ன?"

"நானும் சொன்னேன். அவ கேக்கட்டும், கேட்டா கூட்டிட்டு வரேன்னு சொன்னா."

"கேட்டேனே. பன்னெண்டு வயசுல கேட்டேன். தட்டைத் தூக்கி அடிச்சா."

"அதைச் சொல்லிச் சொல்லி அழுவா. நீ இன்னொரு தடவை கேப்பேன்னுதான் பாத்துட்டே இருந்தா."

மார்சலினம்மா ஒரு கல்லுக்கு முன்னால் நின்று, கைத்தடி நுனியால் ஈர இலையைத் தள்ளிவிட்டாள். மேலே யாரோ ஒருவன் பேர். கீழே எவால்ட். இறந்தபோது இருபத்து மூன்று வயது.

ஆர்லெட் அதைப் பார்த்தாள். கையை நெஞ்சில் வைக்கவில்லை, சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா பாலில் தண்ணீர் கலந்தவனைத் திட்டும்போது அப்படித்தான் நிற்பாள்.

"அம்மாவும் போய்ட்டா. இப்ப நான் யாரோட சண்டை போடறது?" என்றாள். பிறகு கல்லைப் பார்த்தே பேச ஆரம்பித்தாள். வேகமாக, மூச்சு விடாமல். உங்களைப் பாக்க மட்டும் அம்மா வருஷா வருஷம் வந்திருக்கா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல, நான் என்ன பாவம் பண்ணேன், பள்ளிக்கூடத்துல அப்பா பேர் கேட்டப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா என்று கொட்டிக்கொண்டே போனாள். நான் அவள் தோளைத் தொடப் போனேன். மார்சலினம்மா என் கையைத் தட்டிவிட்டு, ஆர்லெட்டிடம் குனிந்தாள்.

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. அவருக்கு நம்ம பாஷை அவ்வளவா வராது. உன் அம்மா இங்க வந்தா மெதுவாத்தான் பேசுவா."

ஆர்லெட் அவளை முறைத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், கோபம் கொஞ்சமும் குறையாமல், முதலிலிருந்து ஆரம்பித்தாள், ஒவ்வொரு வார்த்தையாக.