குடைத்துணிப் போர்வை

மஞ்சள் துணியோடு சிவப்பைச் சேர்த்துப் பிடித்து, தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி, துணி வெட்டும் பலகையின் மேல் அவள் புருஷன் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டவர், அவள் செம்பை எடுத்து வருவதற்குள் போய்விட்டார். ஒரு குடைக்குக் கம்பி பூட்ட அரை நாள் எடுத்துக்கொள்ளும் மனுஷன், இதில் மட்டும் அவசரக்காரராகிவிட்டார். எதிர்வீட்டு டீச்சர் வந்து ஒரு கை பிடித்ததால்தான் அவரைப் பலகையிலாவது கிடத்த முடிந்தது.

வெளியே சண்டை. வாரக்கணக்கில் ஊரடங்கு. சொந்தபந்தம் யாரும் வர வழியில்லை, பிள்ளைகுட்டியும் கிடையாது. நகராட்சி லாரி வந்து உடலை ஏற்றிக்கொண்டு போகும். கூட யாரும் போகக் கூடாது. போர்த்த ஒன்றும் இல்லாதவர்களைக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றுகிறார்கள் என்று டீச்சர் சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். குப்பை மாதிரி அவரை அனுப்ப மாட்டாள். ஆனால் வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம், சண்டைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் வந்து ஒண்டியிருப்பவர்களுக்கு அவரே தூக்கிக் கொடுத்திருந்தார். பெரிய கர்ணன்!

மிஞ்சியது குடைத்துணிதான். நடைபாதைக் கடைக்காரர்கள் நட்டுவைக்கும் பெரிய குடைகளுக்காக அவர் வெட்டிவைத்த கலர் முக்கோணங்கள். போன வாரம்கூட வெட்டினார்.

"சந்தையே மூடிக் கெடக்கு. யாருக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டதற்கு, "தெறக்காமயா போயிடும்? தெறக்கிற அன்னிக்குத் தெருவே கலரா இருக்கணும்" என்றார். பைத்தியமா என்று திட்டிவிட்டு, அவளும் கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக் கொடுத்தாள்.

"அக்கா, லாரி வந்துருச்சு" என்றார் ஜன்னலில் நின்ற டீச்சர்.

"ஒரே தையல்தான். முடிஞ்சுது."

நூலைப் பல்லால் கடித்து அறுத்து, இருவருமாக விரித்து அவர்மேல் போட்டார்கள். துணி படியவில்லை. நடுவில் புடைத்துக்கொண்டு, ஓரங்கள் இரண்டு பக்கமும் தரையில் புரண்டன. அவள் இழுத்துப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் புரிந்தது. ஒரு முக்கோணத்தை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்துத் தைத்தால் போர்வை வரும். அது தெரியாதவளா அவள்? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தைத்ததில், கை தன் பழக்கத்துக்கு எல்லா முனைகளையும் ஒரே இடத்தில் கூட்டிவிட்டது.

"ஐயோ டீச்சர், குடையத் தச்சுட்டேன்!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. டீச்சருக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். அவளுக்கும் சிரிப்புத்தான் முதலில் வந்தது. இதை அவரிடம் சொன்னால் ஒரு மாசத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே என்று பலகைப் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

லாரிக்காரர் வாசலில் நின்றார். பல நாள் தூங்காத கண்.

"என்னம்மா இது, பந்தல் மாதிரி?"

"பிரிச்சுத் தைக்கிற வரைக்கும் இருப்பீங்களா?"

"இன்னும் ஏழெட்டு வீடு இருக்கும்மா. ஷீட்டுல சுத்திக்கறோம், விடுங்க."

"வேணாம்." அவள் பலகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "கோணலா இருந்தாலும் இதுதான். அந்தக் கறுப்பு அவருக்கு வேணாம்பா."

லாரிக்காரர் துணியைப் பார்த்தார். மஞ்சள், சிவப்பு, பச்சை, ஊதா. "சரி, தூக்குங்கப்பா" என்று ஆட்களைக் கூப்பிட்டார்.

கீழ்ப்படி வரைக்கும்தான் அவளை விட்டார்கள். திரும்ப மேலே ஓடி, டீச்சர் நின்ற ஜன்னலுக்கு வந்தாள். லாரியில் ஏற்கெனவே யாரோ ஒருவர் கிடந்தார். ஷீட் எட்டாமல் கால்கள் வெளியே தெரிந்தன. எந்த வீட்டுக்காரரோ. பக்கத்தில் அவள் புருஷனைக் கிடத்தி, லாரிக்காரர் துணியைப் போர்த்தினார். சுருட்டிச் செருகப் பார்த்தார். அவ்வளவு துணி அடங்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மிச்சத்தை உதறி, பக்கத்திலிருந்தவர் மேலும் விரித்துவிட்டு, தப்பு செய்தவர் போல மேலே ஜன்னலைப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இழுத்து விடுங்க" என்றாள். "பக்கத்துல இருக்கறவருக்குக் கால் தெரியுது."