மாட்டு டாக்டரின் சைடு பேக்

எங்கள் கடையின் நடுவே ஒரு பெரிய மேஜை. அந்தப் பக்கம் அண்ணன், அசல் தோல். இந்தப் பக்கம் தங்கை நான், ரெக்ஸின். பைக்குக்கு சீட் கவர், டேங்க் கவர், சைடு பேக் எதுவானாலும் தைப்போம். என் சரக்கை அவன் "பிளாஸ்டிக்" என்பான். அதை நாலு பேர் எதிரில் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்டவன் நாற்பது வயதில் மாட்டு டாக்டரிடம் விழுந்தான். பண்ணை பண்ணையாக பைக்கில் போகும் அந்த அம்மாள், மருந்து வைக்க ஒரு ஜோடி சைடு பேக் கேட்டு வந்தார். கடைக்கு வருகிற எல்லாரும் அவனை "அண்ணே" என்பார்கள். டாக்டர் மட்டும் "மாஸ்டர்" என்றார். ஆள் அங்கேயே காலி.

பத்து நாள் தைத்தான். இருப்பதிலேயே உசத்தியான தோல், ஓரமெல்லாம் மெழுகு தேய்த்த பளபளப்பு. பையைக் கொடுக்கும்போது மனதில் இருப்பதையும் சொல்லிவிடுவதாகத் திட்டம். எனக்குத் தெரியாதென்று நினைப்பு வேறு.

டாக்டர் வந்து பையைத் தடவிப் பார்த்தார். "எவ்வளவு மிருதுவா இருக்கு! என்ன தோல் இது?"

"கன்னுக்குட்டி!" என்றான், நெஞ்சை நிமிர்த்தி.

டாக்டர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். "மாஸ்டர், காலைலதான் ஒரு கன்னை உயிரோட வெளிய எடுத்துட்டு வரேன். இதை மாட்டிக்கிட்டு அதோட அம்மா முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்? எனக்கு ரெக்ஸின்ல தைங்க. சனிக்கிழமை வரேன்."

அண்ணன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நான் தைக்கவா?" என்றேன்.

"இது என் ஆர்டர்!" என்று எரிந்து விழுந்தான்.

தோல் தைக்கும் அதே ஊசி, அதே நெருக்கமான தையல். தைத்து முடித்து, உள்ளே நாலு தண்ணீர் பாட்டிலை வைத்துத் தூக்கினான். தையல் ஓரமாகவே சர்ரென்று கிழிந்து, பாட்டிலெல்லாம் தரையில் உருண்டன.

முதல் தடவையாக மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்தான். "எப்படின்னு சொல்லிக்குடேன்."

"பிளாஸ்டிக்தானேண்ணா? உனக்கு வராதா?" என்று கொஞ்சம் ஆட்டிவைத்தேன். விடுவேனா? அப்புறம்தான் சொன்னேன். "உன் ஊசி கத்தி மாதிரி வெட்டும். உருண்டை முனை ஊசி போடு. தையலைத் தள்ளித் தள்ளிப் போடு. ரெக்ஸின்ல ஒருதரம் குத்தினா அந்த ஓட்டை மூடாது."

சனிக்கிழமை டாக்டர் அவன் தைத்த ரெக்ஸின் பையினுள் பஞ்சை வைத்து மூடி, மேலே ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். திறந்தால் பஞ்சு காய்ந்தபடி இருந்தது. "மாஸ்டர், அசத்திட்டீங்க!"

"எல்லாம் என் தங்கச்சி சொல்லிக்குடுத்தது. ரெக்ஸின்ல இவதான் மாஸ்டர்" என்றான் அண்ணன். என் இத்தனை வருஷக் கோபமும் போன இடம் தெரியவில்லை.

ஆனால் சொல்ல வேண்டியதை அவன் சொல்லவில்லை. இஞ்ச் டேப்பைச் சுருட்டுகிறான், பிரிக்கிறான், மறுபடி சுருட்டுகிறான். முழங்கையால் ஒரு இடி கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

டாக்டர் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். "பின் சீட்டும் கிழிஞ்சு கிடக்கு. அதுக்கும் கவர் போடணும்."

"பின்னாடி யாரு உக்காருவாங்கன்னு சொன்னா அதுக்கேத்த மாதிரி பஞ்சு வைப்போம்" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. "மாஸ்டரே உக்காந்து பாத்துச் சொல்லட்டும். ஏறுங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

கையில் டேப்போடு ஏறினான். தெருமுனையில் திரும்பும்போதும் அவன் பல் தெரிந்தது.

அவன் அகலம் எனக்குத் தெரியாதா? அவர்கள் திரும்பி வருவதற்குள் பின் சீட்டுக்கு ரெக்ஸின் வெட்டி முடித்துவிட்டேன்.