அளக்காத பாதி

அலுவலகத்தில் அவளை நூலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நிலம் அளந்தால் ஒரு நூல் கூடப் பிசகாது என்று பேர். அந்தப் பேர் இன்று காலை ஒரு முட்புதருக்குள் மாட்டிக்கொண்டது.

தலைமைப் பொறியாளர் வந்ததும் புதிய சாலைக்காக மேட்டை வெட்டத் தொடங்க வேண்டியதுதான் பாக்கி. ஆதிமனிதர்கள் நட்டுவைத்த கல்வட்டத்தைத் தொடாமல் சாலை போக வேண்டும். எல்லை குறித்துக் கொடுத்தவள் அவள்தான். எதற்கும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று சுற்றி வந்தவளின் கால், எல்லையாகப் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே எதிலோ இடித்தது. கிளையை விலக்கினாள். இடுப்பளவு கல். அதற்கப்பால் இன்னொன்று. இரண்டும் வட்டத்தின் கற்கள்தான்.

மூன்று மாதம் முன்பு பாதியைத்தான் அளந்தாள். மறுபாதி முழுக்க முள். வட்டம்தானே என்று அலுவலகத்தில் உட்கார்ந்து தாளில் அப்படியே திருப்பிப் போட்டுவிட்டாள். மாட்டாதவரை இதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பெயர். ஆனால் கல் நட்டவர்கள் இவளுடைய கவராயத்தைக் கேட்டு நடவில்லை. இந்தப் பக்கம் வட்டம் முட்டை மாதிரி வெளியே நீண்டிருந்தது.

புல்டோசர் ஓட்டுபவர் அவளுடைய அக்காவின் கணவர். வந்து எட்டிப் பார்த்தார். விளக்கம் தேவைப்படவில்லை.

"ரெண்டு கல்லுதானே. சார் வர்றதுக்குள்ள தள்ளிட்டா புதரோட புதரா போயிடும்."

"மாமா, வேண்டாம்..."

"அடுத்த வாரம் உன் வேலையை நிரந்தரம் பண்றாங்கன்னு உங்க அக்கா பாக்கிறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கா. ஏழு வருஷம் நாயா அலைஞ்சிருக்க. அந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா, போதும்."

இன்ஜின் உறுமியது. அவள் நிஜமாகவே திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் முள் நொறுங்கியது. இரும்பு கல்லில் முட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று தன் மனம் வேண்டிக்கொள்வது புரிந்தபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஓடிப்போய்க் கல்லுக்கு முன்னால் நின்றாள். புல்டோசரின் தகடு அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"பைத்தியமா நீ?" மாமா கத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே குதித்தார்.

அதற்குள் ஜீப்பிலிருந்து தலைமைப் பொறியாளர் இறங்கி வந்துவிட்டார். கோட்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், புல்டோசரைப் பார்த்தார்.

மாமா முந்திக்கொண்டார். "தப்பு என்னுதுதான் சார். நான்தான் கவனிக்காம கோட்டைத் தாண்டிட்டேன்."

"அவரு தாண்டலை சார். கோடே தப்பு," என்றாள் அவள். "இந்தப் பாதியை நான் அளக்கலை. வரைஞ்சேன்."

 பொறியாளர் மெதுவாகக் கேட்டார். "இந்த ஏழு வருஷத்துல வேற எங்கெல்லாம் வரைஞ்சீங்க?"

"உட்கார்ந்துதான் சார் சொல்லணும்," என்றாள்.