அடுப்பிலிருந்து ஜன்னலில் பாதி வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டில்லட்சன் ரத்தம் இல்லை. டில்லட்சன் வீட்டுக்கு வாக்கப்பட்டவள், அவ்வளவுதான். ஆனால் பியூலாவின் கடிதம் வந்த அன்று கோபம் வந்ததென்னவோ எனக்குத்தான். என் வீட்டுக்காரர் வெண்டல் அதைப் படித்தார், மடித்தார், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தார், தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பியூலா, வெண்டலுக்கு அக்கா முறை என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அப்படி ஒரு முறையே கிடையாது என்பதுதான் கடிதம். பதினோரு வருஷமாக அவள் டில்லட்சன் குடும்பப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை அது அச்சுக்குப் போகிறதாம். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் எலிஃபலட் டில்லட்சன் 1789-இல் எழுதி வைத்த உயில் கோர்ட்டில் இருக்கிறதாம். அதில் ஏழு பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, ஆசஹேல் என்று ஒரு பிள்ளையே இல்லை. ஆகவே வெண்டலின் வம்சம் கடைசிப் பக்கத்தில், ‘உறவு கோரியவர்கள், ஆதாரம் இல்லை’ என்ற தலைப்பின் கீழ் வரும். மற்றபடி சனிக்கிழமை குடும்பக் கூட்டத்துக்கு வழக்கம்போல வரவும், மேப்பிள் மரத்தடியில் விருந்தாளிகள் மேஜை போட்டிருக்கும், பீன்ஸ் கொண்டுவரவும்.

பீன்ஸ் கொண்டுவரணுமாம். எப்படி இருக்கிறது பாருங்கள்.

வெண்டலின் தாத்தா, மேற்கே எங்கோ தூரத்தில் இருக்கிற ஜெனசீ பக்கத்திலிருந்து ஒரு தொப்பியும் ஒரு பைபிளுமாக இந்த ஊருக்குத் திரும்பி வந்தவர். பைபிளின் முதல் தாளில் ‘ஷுபல், ஆசஹேல் டில்லட்சனின் மகன்’ என்று எழுதியிருக்கும். அந்த ஷுபல்தான் தாத்தாவின் அப்பா. ஊர் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் வெண்டலை ‘ஒட்டிக்கிட்டவன்’ என்றே கூப்பிட்டார்கள். மனுஷனுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. நாற்பது வருஷமாக அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி சுமக்கிறார், பாத்திரம் கழுவுகிறார். ஒரு குடும்பப் படத்திலும் அவர் கிடையாது, ஏனென்றால் கேமராவைப் பிடிப்பவர் அவர்தான்.

“உங்களுக்குச் சூடு சொரணை எதுவும் இல்லையாங்க?” என்று தோட்டத்துக்கே போய்க் கேட்டேன்.

“விடு ஹெட்டி. என் பேரு அந்தப் புஸ்தகத்துல இல்லன்னா தக்காளி காய்க்காதா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒரே செடிக்கு மூன்றாவது தடவையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் பியூலாவின் மேல் அதைவிடப் பெரிசாக ஆத்திரம் வந்தது. வியாழக்கிழமை காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே பழைய உயில்களைப் பார்த்துக்கொள்கிற குமாஸ்தா லூதர், என்னோடு ஆறாம் வகுப்பில் படித்தவன். அப்போதே தூங்குமூஞ்சி.

“அடேய் லூதர், எலிஃபலட் டில்லட்சன் உயில் கட்டை எடு.”

“மறுபடியுமா? பியூலாம்மா அதைப் பார்த்துப் பார்த்தே தாள் நைஞ்சு போச்சு ஹெட்டி.”

“நைஞ்சு போகட்டும். எடு.”

நாடா அவிழ்த்து, மூன்றாக மடித்த தாளை விரித்தேன். பியூலா பொய் சொல்லவில்லை. ஏழு பெயர்கள், எபனேசரில் ஆரம்பித்து ஜெரூஷா வரைக்கும். ஆசஹேல் இல்லை. பின்பக்கத்தையும் பார்த்தேன், ஓரத்தையும் பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அந்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது?

சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மிச்சத்தையும் படித்தேன். அந்தக் காலத்து ஆண்பிள்ளைகள் பெண்டாட்டிக்கு உயில் எழுதுகிற அழகு இருக்கிறதே, அதைப் படித்துத்தான் தீர வேண்டும். மனைவி கெசியாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதாவது மேற்கு அறை, சமையலறையில் பாதி, மாடிப்படி, நிலவறையில் பாதி, கிணற்றுக்குப் போய்வர வழி, வாரம் ஒரு நாள் அடுப்பில் ரொட்டி சுட அனுமதி. இத்தனையும் அவள் உயிரோடு இருக்கும்வரை. அவள் காலத்துக்குப் பிறகு அந்தப் பங்கு ‘என் பிள்ளைகள் எல்லோருக்கும்’ பிரிக்கப்பட வேண்டும்.

எல்லோருக்கும் என்றால் எத்தனை பேர்? பெயர் போடவில்லையே.

“லூதர், இந்தக் கெசியாம்மா எப்ப செத்தா?”

“பியூலாம்மா எழுதியிருக்காங்களே, ‘சீக்கிரமே காலமானார்’னு.”

“அவளுக்கு எப்படித் தெரியும்? கூட இருந்து பார்த்தாளா?”

லூதர் தலையைச் சொறிந்தான். எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். வீட்டுக்கு வந்த மருமகள் எப்போது செத்தாள் என்று எந்தக் குடும்பமும் தேடிப் பார்ப்பதில்லை. ஆண்பிள்ளையின் கட்டைப் படிப்பார்கள், நாடாவைக் கட்டுவார்கள், எழுந்து போவார்கள். நானும் மருமகள்தானே.

“அந்தம்மா பேருல தனியா ஒரு கட்டு இருக்கான்னு பாரு.”

“சொந்தச் சொத்தே இல்லாத பொம்பளைக்குக் கட்டு எதுக்கு?”

“பாருடா.”

முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறினான். பத்து நிமிஷம் தும்மினான். பிறகு சத்தமே இல்லை. கீழே இறங்கி வந்தவன் கையில் இருந்த சின்னக் கட்டில் ‘கெசியா, எலிஃபலட் டில்லட்சனின் விதவை, 1823’ என்று இருந்தது. முப்பத்து நாலு வருஷம். சீக்கிரமே காலமான கெசியா முப்பத்து நாலு வருஷம் அந்த மேற்கு அறையில் ஜம்மென்று இருந்து, ஏழில் நாலு பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு, தொண்ணூற்றோரு வயதில் போயிருக்கிறாள். நான் அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவள் போன பிறகு, கோர்ட் சொன்னபடி அக்கம்பக்கத்து ஆட்கள் மூன்று பேர் அளவு சங்கிலியோடு வந்து அவள் பங்கை வாரிசுகளுக்குப் பிரித்திருக்கிறார்கள். நிலம் என்றால் பிரிக்கலாம். வீட்டை எப்படிப் பிரிப்பது? அதெல்லாம் அவர்களுக்கு ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. மாடிப்படியில் மேல் ஆறு படி எபனேசருக்கு. கீழ் ஐந்து படி ஜெரூஷாவுக்கு. ஒருவர் படியில் இன்னொருவர் ஏறி இறங்கத் தடையில்லை. நிலவறையில் உருளைக்கிழங்குத் தொட்டி வரைக்கும் ஒருத்தருக்கு, தொட்டிக்கு அந்தப்புறம் இன்னொருத்தருக்கு. நான் உரக்கப் படிக்க, லூதர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்து அறையிலிருந்து யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எட்டாவது பங்கில் என் சிரிப்பு நின்றது.

‘மூத்த மகன் ஆசஹேல், தந்தை உயிரோடிருக்கையிலேயே தன் பண்ணைப் பங்கைப் பெற்றுக்கொண்டு ஜெனசீ சென்று, அங்கே காலமானார். அவருடைய ஒரே மகன் ஷுபலுக்கு: சமையலறையின் மூலை, அடுப்பிலிருந்து ஜன்னலில் பாதி வரை. முன்வாசல் வழியாகப் போகவும் வரவும் உரிமை.’

பங்கு வாங்கிக்கொண்டு போன பிள்ளைக்கு உயிலில் என்ன வேலை? அதனால்தான் அந்த ஏழில் அவன் இல்லை. ஆனால் கெசியாவின் பங்கு ‘பிள்ளைகள் எல்லோருக்கும்’ ஆயிற்றே, அதில் அவனும் உண்டு. நான் லூதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து அதற்குத்தான் காத்திருந்தவன் மாதிரி அவன் முகம் சிவந்து போனது.

“சீல் வேணும் லூதர். பியூலா சீல் இல்லாத தாளைப் பல் குத்தக்கூட எடுக்க மாட்டா.”

இரண்டு மணி நேரம் கையால் நகலெடுத்தேன். அவன் சரிபார்த்து, ஒன்றுக்கு மூன்று சீல் குத்திக் கொடுத்தான்.

சனிக்கிழமை வரைக்கும் வெண்டலிடம் மூச்சு விடவில்லை. அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பீன்ஸ் வேகும்போது தனியாகச் சிரித்தேன். “உடம்பு சரியில்லையா ஹெட்டி?” என்று இரண்டு தடவை கேட்டார்.

பியூலா இருப்பது எலிஃபலட் கட்டிய அதே வீட்டில்தான். அவள் ஜெரூஷாவின் வழி. அன்று முப்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். வெண்டல் வழக்கம்போல நாற்காலிகளை இறக்கிப் போட ஆரம்பித்தார். நான் பீன்ஸ் சட்டியை விருந்தாளிகள் மேஜையில் வைக்காமல் நேராகச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

“ஹெட்டி, மேஜை வெளியில இருக்கும்மா,” என்றாள் பியூலா.

“தெரியும்க்கா. இதைக் கொஞ்சம் படிங்க. எனக்குக் கண்ணாடி இல்ல.” கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

அவள் முதலில் நகலில் இருந்த கோர்ட் சீலைப் பார்த்தாள். பிறகு படித்தாள். படித்துக்கொண்டே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பியூலாவை ஒன்று சொல்ல வேண்டும், எனக்குப் பிடிக்காதுதான், ஆனால் அவள் தாளுக்குத் துரோகம் செய்கிறவள் இல்லை. இரண்டாம் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள். கீழ் ஐந்து படி ஜெரூஷாவுக்கு என்று வந்தபோது யாரோ, “அப்ப மாடிக்குப் போறதுக்கு அனுமதி வாங்குறியா பியூலா?” என்று கேட்க, வீடே அதிர்ந்தது.

எட்டாவது பங்கை அவள் மெதுவாகப் படித்தாள். வாசல்படியில் வெண்டல், கைக்கு ஒரு நாற்காலியாக நின்றுகொண்டிருந்தார்.

அவர் ஒரு நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலின் பாதி எது என்று கையால் அளந்தார். நாற்காலியை அந்த மூலையில் போட்டு உட்கார்ந்தார்.

“அந்தப் பங்கை ஷுபல் வித்திருப்பானோ என்னவோ,” என்றாள் பியூலா, சும்மா ஒரு பேச்சுக்கு.

“வித்த பத்திரம் என் கண்ணுல படலக்கா,” என்றேன். நான் தேடவில்லை என்பதை நீங்களும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

பியூலா எழுந்தாள். அலமாரியிலிருந்து தட்டச்சுத் தாள்கட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தை உருவி, நாலாக மடித்து அடுப்பில் போட்டாள். “மூத்தவன் வழின்னா, ரெண்டாம் பக்கத்துல வரணும். பதினோரு வருஷ வேலையையும் நம்பர் மாத்தணும்,” என்றாள். குரல் கடுகடுவென்றுதான் இருந்தது. கை மட்டும் வெண்டலின் தட்டில் ஆப்பிள் பலகாரத்தின் பெரிய துண்டை வைத்தது.

படம் எடுக்கும் நேரம் வந்தது. வழக்கம்போல எல்லோரும் மேப்பிள் மரத்தடிக்குப் போனார்கள். வெண்டல் எழுந்திருக்கவில்லை.

“எனக்கு இங்க நல்லா இருக்கு,” என்றார்.

ஆகவே முப்பத்தோரு பேரும் திரும்பி வந்து, அந்தச் சமையலறைக்குள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நெருக்கினார்கள். ஜெரூஷா வழியினர் படியில் ஏறி நின்றார்கள், ஐந்தாவது படியோடு நிறுத்திக்கொண்டார்கள். பழக்க தோஷத்தில் வெண்டலின் கை கழுத்தில் தொங்கிய கேமராவுக்குப் போனது.

“அதை ஹெட்டிகிட்ட குடு தம்பி,” என்றாள் பியூலா. “அவதான் நம்ம ரத்தம் இல்லையே.”

நாற்பது வருஷத்தில் அவரை அவள் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் கேமராவை வாங்கிக்கொண்டேன். கண் நிறைந்து போய் எனக்கு ஒரு முகமும் தெரியவில்லை, குத்துமதிப்பாக அமுக்கினேன். படச்சுருளைக் கழுவிப் பார்த்தால், அத்தனை பேரும் கலங்கலாக இருக்கிறார்கள். புத்தகத்தில் இரண்டாம் பக்கத்தில் அதையேதான் போட்டிருக்கிறார்கள்.